மாமிக்கு வந்தது எனக்கும் வருமா? வாப்பா வழிக் கணக்கு

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 34. வாப்பாவுடன் பிறந்த மாமிக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சில வருடங்களில் மவுத்தாகிவிட்டார். இப்போது அந்த மாமியின் மகளுக்கு 36 வயதில் அதே நோய். உம்மா வழியில் யாருக்கும் கிடையாது. காட்டப் போன இடத்தில் டாக்டர், "உங்க உம்மாவுக்கும் உம்மா கூடப் பிறந்தவங்களுக்கும் இல்லையே, அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர் கட்டிக்கொண்டது அந்த மாமியின் மகனைத்தான். 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். "நான் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? சொந்தத்துல கட்டினதால ஆபத்து கூடுமா?" என்று கேட்கிறார்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னது தவறு. வாப்பா வழியும் சரிபாதி கணக்கில் வரும். தங்கச்சி கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும்: இந்த வீட்டில் உங்களைவிட உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் இந்த நோயைக் கொண்டுவரும் மரபணுக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் வந்த வீடுகளில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று கேட்டு, பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமுமாகக் குடும்ப மரம் வரைந்து, டெஸ்ட் தேவையா இல்லையா என்று பேசுகிற மரபணு ஆலோசகர். பிறந்த ஊர் தங்கச்சிமடம், மீனவர் ஊர். அதனால் வலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த இடத்தை ஊசி நூலால் பின்னுவார்கள். கடலுக்குப் போன வலை கிழியாமல் வராது. பாறை கிழிக்கும், நண்டு கடிக்கும். கிழிவதில் ஒன்றுமில்லை, அன்றன்றைக்குச் சீர் பண்ணிவிட்டால் சரி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்கிற இழை இப்படித்தான் தினமும் அறுபடுகிறது. இரண்டு பக்கமும் ஒரேயடியாக அறுந்த இழையைப் பிழையில்லாமல் ஒட்டவைக்கும் வேலைக்காரர்களில் முக்கியமான இருவர் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்கிற மரபணுக்கள். முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டாவது 13-ஆம் குரோமோசோமில்.

"எனக்கு அந்த கேன்சர் ஜீன் இருக்கா?" என்று கேட்பார்கள். எல்லோருக்கும் இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள்: ஒன்று உம்மா கொடுத்தது, இன்னொன்று வாப்பா கொடுத்தது. சிக்கல், அதில் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருந்தால்தான். அப்பாவுக்குக் கை முடியாமல் போனாலும் சித்தப்பா இருக்கிறவரை வலை கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. சித்தப்பாவும் படுத்துவிட்டால்? பழுதான பிரதியோடு பிறந்த பெண்ணுக்கு, மார்பகத்தில் ஏதோ ஒரு செல்லில் அந்த இன்னொரு பிரதியும் எப்போதாவது கெட்டுப்போனால், அங்கே பின்ன ஆளில்லை. கிழிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். இந்த 'இரண்டு அடி' விளக்கத்தை 1971-இல் ஆல்ஃப்ரெட் நட்சன் குழந்தைகளின் கண்புற்றை வைத்துச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒரு செல்லில் இரண்டு அடியும் விழ வேண்டும், அது அபூர்வம். இவர்களுக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்துவிட்டது. இளம் வயதிலேயே வருவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் மார்பகப் புற்றுநோய் எல்லாமே இப்படி வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் ஒற்றை மரபணுவின் பழுது காரணம். இந்தியாவில் 2020-இல் மட்டும் சுமார் 1,78,000 பெண்களுக்குப் புதிதாக வந்ததாகக் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் முன்னே பின்னே யாருக்கும் இருந்திராது. அதனால் ஒரு பெரியம்மாவுக்கு 68 வயதில் வந்தது என்று யாராவது பயந்து எழுதினால் நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. இந்தத் தங்கச்சியின் வீடு வேறு மாதிரி. மாமியும் அவர் மகளும், இருவருக்கும் 50-க்கு முன்னால். இதைப் பார்த்ததும் எந்த ஆலோசகரும் பேனாவை எடுப்பார்.

இப்படி ஒரு மரபணு இருக்கவே முடியாது என்று பலர் நினைத்திருந்த காலத்தில், இளம் வயதில் நோய் வந்த குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்து, 17-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது என்று 1990-இல் காட்டியவர் மேரி கிளேர் கிங். பிஆர்சிஏ1 கையில் சிக்கியது 1994-இல். பிஆர்சிஏ2 அடுத்த வருடம். அந்த மரபணுக்களுக்கு ஒரு அமெரிக்கக் கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. இயற்கையில் இருக்கும் டிஎன்ஏ யாருக்கும் சொந்தமில்லை என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று பல கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இந்த டெஸ்டைச் செய்வதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

இப்போது வாப்பா வழிக்கு வருவோம். மாமிக்கு இந்தப் பழுது இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது அவருக்கு அவருடைய உம்மாவிடமிருந்தோ வாப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். அதே பெற்றோருக்குப் பிறந்த உங்கள் வாப்பாவுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. வாப்பாவிடமிருந்து உங்களுக்கு வர, மறுபடியும் இரண்டில் ஒன்று. ஆக உங்களுக்கு நான்கில் ஒன்று. உங்கள் வீட்டுக்காரரோ மாமி பெற்ற பிள்ளை. அவருக்கு நேராகவே இரண்டில் ஒன்று.

ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் அபூர்வம் என்பதால் பழுது அவரிடம் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். 60 வயது ஆள், சுகர் தவிர ஒன்றுமில்லை என்பார். ஆனால் மகளுக்கு அதைக் கைமாற்றிவிட்டிருப்பார். துபாயிலும் சவுதியிலும் பாதி ஆயுளைக் கழித்த வாப்பாக்களை 'குடும்ப வரலாறு' என்ற கட்டத்தில் யாரும் எழுதுவதே இல்லை. கீழக்கரையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து தங்குகிற வழக்கம் உள்ள ஊர். பிள்ளைகள் வளர்வது உம்மா, பெரியம்மா, சாச்சி என்று உம்மா வழிப் பெண்கள் நடுவில். யாருக்கு எப்போது என்ன வந்தது என்று அவர்களைப் பற்றி வரிசையாகச் சொல்வார்கள். வாப்பாவின் உம்மா எதனால் இறந்தார் என்று கேட்டால் "ஏதோ வயிற்று வலி" என்பதோடு நின்றுவிடும்.

அந்த 'ஏதோ வயிற்று வலி'யை நான் விடுவதே இல்லை. ஒரு முறை பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் மரம் வரைந்துகொண்டிருந்தேன். மார்பகப் புற்று வந்த பெண்ணின் தாத்தாவோடு பிறந்தவரைப் பற்றிக் கேட்டபோது, "அவளுக்கு கேன்சர்லாம் இல்லம்மா, மகோதரம்" என்றார் ஒரு பெரியவர். வயிறு பானை மாதிரி வீங்கி, தண்ணீர் எடுத்தும் நிற்காமல், 50 வயதில் போய்விட்டாராம். மகோதரம் என்றால் வயிற்றில் நீர் கோர்ப்பது. ஈரல் கெட்டாலும் வரும். ஆனால் நடுவயதுப் பெண்ணுக்கு வந்தால் சினைப்பைப் புற்றுநோயாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அதுவும் இதே பிஆர்சிஏ கொண்டுவருவதுதான். புற்றாக இருந்திருக்கலாம் என்று பென்சிலால் அவருடைய வட்டத்தைப் பாதி நிழலடித்தேன். மரத்தின் அர்த்தமே மாறிப்போனது. வீட்டில் கேட்கும்போது 'கேன்சர்' என்று கேட்காதீர்கள். மாரில் புண், பிளவை, வயிறு ஊதினது, இப்படிக் கேளுங்கள். ஆண்களுக்கு மூத்திரப்பை பக்கம் வந்த புற்று (புரோஸ்டேட்), கணையப் புற்று, இவற்றையும்.

சொந்தத்தில் கட்டினதால் ஆபத்து கூடுமா என்றால், உங்களுக்குக் கூடாது. ஒரு பிரதி பழுதானாலே போதும் என்கிற வகை இது. உங்கள் பிரதிகள் நீங்கள் பிறந்தபோதே முடிவானவை, யாரைக் கட்டினாலும் மாறாது. ஆனால் பிள்ளைகளுக்கு அதே பழுது இரண்டு வாசல் வழியாக வரலாம். மாமிக்கு இருந்தது என்ற அனுமானத்தில் கணக்குப் போட்டால், உங்கள் மகள் ஒவ்வொருத்திக்கும் குறைந்தது ஒரு பழுதுப் பிரதி வந்திருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. இரண்டு பிரதியுமே பழுதாக வந்திருக்க 32-இல் ஒன்று. இந்த இரண்டாவது வேறு கதை. பிஆர்சிஏ2 இரண்டும் பழுதானால் ஃபான்கோனி சோகை என்ற நோய் வரும்: எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்தும், சின்ன வயதிலேயே புற்றுநோய் வரும். பிஆர்சிஏ1 என்றால் பெரும்பாலும் கருவே தங்காது. நன்றாக வளர்ந்து, ஓடியாடி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தலையில் இந்த பயத்தை இன்றைக்குத் தூக்கி வைக்க வேண்டாம். இன்னொரு பிள்ளை என்று நினைத்தால் மட்டும், அதற்கு முன் இருவரின் நிலையும் தெரிந்திருக்கட்டும்.

சரி, டெஸ்ட். யாருக்கு முதலில் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். உங்களுக்கு இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை. நோய் வந்து இப்போது சிகிச்சையில் இருக்கும் மாமி மகளுக்கு, அதாவது உங்கள் மச்சிக்கு. நீங்கள் முதலில் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், அது பழுது வீட்டில் இருந்தும் உங்களுக்கு வராததாலா, பழுது வேறு ஏதோ மரபணுவில் இருப்பதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்கு எடுத்து, இந்த இடத்தில் இந்த எழுத்து போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், உங்கள் வீட்டுக்காரருக்கும் உங்கள் வாப்பாவுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் பல மடங்கு குறையும். வாப்பாவுக்கு இல்லையென்றால் உங்களுக்கு எடுக்கவே வேண்டாம், அந்தக் கிளை அங்கேயே முடிந்தது. மச்சிக்கும் இதில் ஆதாயம் உண்டு. பிஆர்சிஏ பழுதுள்ளவர்களின் கட்டியில் நன்றாக வேலை செய்யும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. பழுதை ஒட்டும் இன்னொரு வழியையும் அடைத்து அந்தச் செல்லைச் சாகடிப்பதுதான் அதன் வேலை. 'எங்களுக்காக ரத்தம் கொடு' என்று கேட்காமல், 'உன் மருந்துக்கே இது தேவைப்படலாம், உன் டாக்டரிடம் கேள்' என்று சொல்லுங்கள்.

டெஸ்டுக்காக உடம்பில் எந்த மருந்தும் ஏற்றமாட்டார்கள். ஐந்து மில்லி ரத்தமோ ஒரு குழாய் எச்சிலோ போதும். 2022 ஜனவரியிலிருந்து ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்டி, ஸ்கேன் விஷயங்களுக்கு அங்கே தொடங்கலாம். மரபணு ஆலோசனைக்கு மதுரையிலோ சென்னையிலோ பெரிய புற்றுநோய் மையத்தைப் பாருங்கள். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தமிழ்க் குடும்பங்களின் பிஆர்சிஏ பழுதுகளை நெடுநாளாக ஆராய்ந்துவருகிற இடம்.

ரிப்போர்ட்டில் மூன்று விதமாக வரும். இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு. டிஎன்ஏவை உடம்பு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். கடல் படகு மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லில் 'டல்' என்ற இரண்டு எழுத்தைத் தூக்கிவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படித்தால் கபட, குமண, ல். அதற்குப் பிறகு எவ்வளவு எழுதியிருந்தாலும் எல்லாம் உளறல். பிஆர்சிஏ1-இன் தொடக்கத்திலேயே இப்படி இரண்டு எழுத்து காணாமல் போகிற ஒரு பழுது, கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்பட்டுப் பெயர் பெற்றது. அவர்களில் 40 பேருக்கு ஒருவரிடம் இதுவோ வேறு இரண்டு பழுதுகளில் ஒன்றோ இருக்கிறது. அதே இரண்டு எழுத்துப் பழுதை இந்தியக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறார்கள். இது வந்தால் 'நோய் உண்டாக்கும் பிறழ்வு' என்று எழுதுவார்கள். அடுத்தது, உங்கள் ஊரையே கீழக்கரை என்றும் எழுதுகிறார்கள், கீழைக்கரை என்றும் எழுதுகிறார்கள். தபால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இப்படிப்பட்ட மாற்றம் எல்லோரிடமும் உண்டு, தீங்கில்லாதது.

மூன்றாவதுதான் வம்பு: 'பொருள் தெளிவில்லாத மாறுபாடு'. தபால்காரர் இதுவரை பார்த்தறியாத எழுத்து. போய்ச் சேருமா சேராதா என்று சொல்ல முடியாது. உலகத்தில் சேர்த்துவைத்த மரபணுத் தகவல் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது. நம் பக்கத்து எழுத்துகளை அந்தத் தபால்காரர் அதிகம் பார்த்ததில்லை. அதனால் நம்மவர்களுக்கு இந்த பதில் கூடுதலாகவே வருகிறது. இதை வைத்துக்கொண்டு மார்பகத்தை எடுத்துவிட்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே மாறுபாட்டை 'தீங்கில்லாதது' பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். தெளிவில்லாதது என்று வந்தால், வராதது போலவே நடந்துகொள்ளுங்கள். குடும்ப வரலாறு சொல்கிற அளவுக்குக் கண்காணிப்பு வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லேபில் கேளுங்கள்.

பழுது இருக்கிறது என்றே வந்தால்? 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 பழுதில் நூற்றுக்கு 72, பிஆர்சிஏ2 பழுதில் 69. சினைப்பைப் புற்று முறையே 44, 17. நம் நாட்டில் சராசரிப் பெண்ணுக்கு வாழ்நாளில் ஏறத்தாழ 28 பேரில் ஒருவருக்கு மார்பகப் புற்று வருகிறது. பால்பி2 என்ற மரபணுவில் பழுது இருந்தால் பாதிக்குப் பாதி. ஏடிஎம் (பணம் எடுக்கிற மெஷின் இல்லை), செக்2 போன்றவற்றில் சராசரிப் பெண்ணைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இவை போக, தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத சின்னச் சின்ன மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. 2019-இல் 313 இடங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண்ணே உருவாக்கினார்கள். அது ஐரோப்பியப் பெண்களை வைத்துப் போட்ட மதிப்பெண். அதைக் காட்டி விற்க வந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பழுதுள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராமும். மார்பகங்களை முன்கூட்டியே எடுத்துவிடுவது ஆபத்தை நூற்றுக்கு 90-க்கு மேல் குறைக்கும். ஆனால் அது கட்டாயமில்லை. கண்காணிப்பிலேயே இருப்பவர்கள் நிறைய. சினைப்பை விஷயத்தில் நான் அவ்வளவு தாராளமாகப் பேசமாட்டேன். அதை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. பிள்ளை பெற்று முடித்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40-க்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45-க்குள் சினைப்பையையும் குழாய்களையும் எடுத்துவிடச் சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு வந்தால், குறிப்பாக பிஆர்சிஏ2, 40 வயதிலிருந்து புரோஸ்டேட் பரிசோதனை. அவர் மாரில் கட்டி தென்பட்டாலும் காட்ட வேண்டும். பிஆர்சிஏ2 பழுதுள்ள ஆண்களில் நூற்றுக்கு ஏழு பேர் வரைக்கும் மார்பகப் புற்றால் பாதிக்கப்படுகிறார்கள். ஆண் என்ற வெட்கத்தில் மறைத்துவைப்பதுதான் ஆபத்து.

பிள்ளைகளுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம். 18 வயதாகி அவர்களே தீர்மானிக்கட்டும். இந்தப் பேச்சு வந்தாலே வீட்டில் எழுகிற அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: "நாளைக்குப் பெண் கேட்டு வர்றவங்களுக்குத் தெரிஞ்சா?" அந்த பயத்தை நான் கேலி செய்யமாட்டேன், எங்கள் ஊரிலும் அதே நிலைதான். ரிப்போர்ட் உங்களுடையது, ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் ரத்த சொந்தங்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் வாப்பாவுக்கு வேறு தம்பி தங்கைகள் இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும் இதே நான்கில் ஒன்று உண்டு.

டெஸ்ட் முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் சின்ன வயதில் வந்தவருக்கு எத்தனை வயதோ, அதிலிருந்து பத்தைக் கழித்துக் கண்காணிப்பைத் தொடங்கச் சொல்வது வழக்கம். மச்சிக்கு 36 என்றால் 26. நீங்கள் ஏற்கெனவே எட்டு வருடம் தாண்டிவிட்டீர்கள். இந்த மாதமே ஒரு டாக்டர் கையால் பரிசோதித்துக்கொண்டு, எந்த ஸ்கேன் என்று அவரிடமே முடிவு செய்யுங்கள். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், எனக்கு வராது என்று எழுதியிருந்தீர்கள். பால் கொடுப்பது குறைக்கும்தான். 12 மாதம் கொடுத்தால் நூற்றுக்கு நான்கு சொச்சம் குறைகிறது என்று 2002-இல் பல நாட்டுக் கணக்குகளைக் கூட்டிச் சொன்னார்கள். 'வராது' என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. கருவாடு காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். மார்பகப் புற்றுக்கும் கருவாட்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஊர் இனிப்பான தொதலுக்கும் நேரடியாக இல்லை, ஆனால் மாதவிடாய் நின்றபின் ஏறுகிற எடைக்கு உண்டு. அளவாகச் சாப்பிடுங்கள்.

அடுத்து மச்சியைப் பார்க்கப் போகும்போது அவருடைய பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில், கட்டி எந்த வகை என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். மூன்றுக்கும் எதிரே நெகட்டிவ் என்றிருந்தால் பிஆர்சிஏ1 மேல் சந்தேகம் இன்னும் கூடும். டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவருடைய டாக்டரிடம் அதைக் காட்டியே கேட்கலாம். மாமியின் பழைய ஃபைல் பரணில் எங்காவது கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுத்து வையுங்கள்.